நான் எழுதாமல் விட்ட சொல்

“எழுதுனது நீங்கதானே? எஞ்சொல்ல எடுத்துப்போட்டுட்டு ஒங்க சொல்ல வெச்சது நீங்கதானே? அப்ப எம் பொண்டாட்டி கப்பலேறாம நின்னதுக்கு நான் வேற யாரப் போயிக் கேக்கறது?”

மருதன் இப்படிக் கேட்டது என் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு. நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கண்டாங் கெர்பாவ் மாட்டுக்கொட்டகையில் எருமை பார்க்கிறவன் அவன். நாலு வருஷப் பழக்கத்தில் ஒரு நாளும் என் முன்னால் குரல் உயர்த்தியவனில்லை. கையில் ஒரு கடிதம். மடித்து மடித்து மடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. எழுத்து என் எழுத்து. அரிவாள்மணையை விட்டு எழாமலே, “நீ சொன்னது ஒரு சொல்லே இல்லையப்பா, எந்த அகராதியிலும் கிடையாது” என்றேன். கான்வென்டில் படித்த வாய். தப்பு தன் பேரில் என்று தெரிந்துவிட்டால் இன்னும் உரக்கப் பேசும்.

கடிதம் எழுதிக் கொடுக்கிற தொழிலில் மசி நம்முடையது, வசவும் நம்முடையது. அன்பு மட்டும் எதிரே குந்தியிருந்து சொல்கிறவருடையது.

காசு வாங்காததைத் தொழில் என்று சொல்லலாமா என்பார் என் வீட்டுக்காரர். அவர் மராமத்து ஆபீஸ் குமாஸ்தா. சம்பளம் வந்தால்தான் அவருக்கு அது வேலை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் திரும்புவதற்குள் சுண்ணாம்புக் கம்பத்துச் சந்தில் என் வீட்டுப் பின்வாசலில் நாலு பேராவது காத்திருப்பார்கள். சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கு முன்னால் அஞ்சடித் தாழ்வாரத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்து மனு எழுதும் ஆண்பிள்ளைகள் இல்லாமலில்லை. அவர்களிடம் போய் ஒருத்தி, ‘என் மாமியார் என் பிள்ளைக்கு வயிறாரச் சோறு போடுகிறாளா’ என்று எப்படிச் சொல்லி எழுதுவாள்? முதலில் பெண்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லி ஆண்களும் வந்தார்கள். ‘எழுத்தம்மா’ என்று எனக்குப் பேரும் வைத்துவிட்டார்கள்.

கன்னியாஸ்திரிகள் எனக்குக் கொடுத்தது முத்து முத்தான கையெழுத்து, இங்கிலீஷ், பிரெஞ்சில் இரண்டு பாட்டு, துணியில் பூத்தையல். தமிழ், சனிக்கிழமை தோறும் உபதேசியார் வந்து ஞானோபதேசப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. ஆகவே பாவத்துக்கும் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் என்னிடம் சொல் இருந்தது, வயிற்றுவலிக்கு இல்லை.

அதனால் சொல் சேர்க்க ஆரம்பித்தேன். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு நூல் கோத்துத் தைத்து ஒரு புத்தகம். முன்பக்கமிருந்து, அகராதியில் பொறுக்கியவை. பின்பக்கமிருந்து, பின்வாசலில் காதில் விழுந்தவை. ‘எழுதப் பழகுகிறவர்களுக்கு உதவுகிற மாதிரி, வழக்கில் இல்லாத சொற்கள் நாலைந்து எழுதித் தாருங்கள்’ என்று இந்தப் பத்திரிகைக்காரர் கேட்டதற்கு அந்தப் புத்தகத்தைத்தான் பிரித்தேன். பிறர் துக்கத்துக்குப் பேனா பிடித்துக் கை மரத்துப்போன சகோதரிகளே, இது உங்களுக்கு. மற்றவர்கள் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். மருதனுக்கு நான் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன்; முதலிலேயே சொன்னால் மற்றதைப் படிக்கமாட்டீர்கள்.

தேட்டம்

காதர் ராவுத்தர் ஆற்றில் சரக்குத் தோணி தள்ளுகிறவர். வயது அறுபதுக்கு மேல். நாகூர்ப் பக்கத்தில் அவருக்கு ஒரே ஒரு அக்காள் மிச்சம். வருஷத்துக்கு ஒரு கடிதம், நோன்புக்கு முந்தி. ‘இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும்’ எல்லாம் ஆனபிறகு தாடியைத் தடவிக்கொண்டு, “‘ஒன் தேட்டமாவே இருக்கு’ன்னு போடு தங்கச்சி” என்றார்.

‘தங்கள் ஞாபகமாகவே இருக்கிறேன்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். “அது இல்லியே நான் சொன்னது” என்றார். எனக்குப் பொறுமை என்பது கடவுள் கொடுக்காத வரம். “இரண்டும் ஒன்றுதான் ராவுத்தரே. இது எல்லாருக்கும் புரியும். இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் பாருங்கள்” என்று தாளை மடிக்கப் போனேன். மனிதர் கோபிக்கவில்லை. என் கையைத் தொடாமல் தாளின் ஓரத்தை மட்டும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“ஞாபகம் தலையில இருக்கும், தங்கச்சி. தேட்டம் வயித்துல இருக்கும்.”

சவலை

தங்ளின் பக்கம் ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள் ஆரோக்கியம். காரைக்காலிலிருந்து வந்தவள், இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். புருஷன் வந்த வருஷமே ஜுரத்தில் போய்விட்டான். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். துரைசாணிக்குப் பால் இல்லை, இவளுக்கு இருந்தது, வேலை கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூசைக்கு விடுவார்கள், அப்போது என்னிடம் வருவாள். வந்தால் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பேசுவாள். “கடிதத்துக்கு இரண்டு பக்கம்தான் உண்டு ஆரோக்கியம், சுருக்கச் சொல்” என்று அதட்டுவேன். பாவி நான்.

ஒரு நாள் சுருக்கமாகவே சொன்னாள்: “புள்ள சவலை பாஞ்சிருக்கான்னு கேளுங்க.” எனக்குச் சவலை தெரியாது. ‘மெலிந்திருக்கிறானா’ என்று எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று விளக்கம் கேட்டேன். தாய்ப்பால் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டால் முந்தின பிள்ளை காய்ந்து போகுமாம். தலைமயிர் செம்பட்டை தட்டி, வயிறு ஊதி, கூப்பிட்டால் சிரிக்காமல் வெறிக்குமாம். அதுதான் சவலை. நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு, கணக்கில் தப்புக் கண்டுபிடித்த வாத்தியார் மாதிரி, “உனக்குத்தான் அடுத்த பிள்ளை இல்லையே?” என்றேன்.

“இருக்குதேம்மா. தங்ளின்ல இருக்குது. இப்பத்தான் பல்லு மொளைக்குது.”

அன்னாய்

இது அகராதிப் பக்கத்துச் சொல். தாயை விளிக்கிற பழைய சொல். எவ்வளவு அழகு, எவ்வளவு மரியாதை! பொறுக்கி வைத்துக்கொண்டு யாராவது தாய்க்குக் கடிதம் எழுத வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தான் செங்கல்சூளைச் சங்கிலி, புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். “‘ஆத்தா, நான் நல்லாருக்கேன்’னு எழுதுங்க” என்றான். நான் எழுதியது: ‘பேரன்பிற்குரிய அன்னாய், தங்கள் திருவடிகளைச் சிரமேற் கொண்டு எழுதும் விண்ணப்பம். அடியேன் குறைவற வாழ்கின்றேன்.’ வாசித்துக் காட்டியபோது சங்கிலிக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் பெருமையாகத் தலையாட்டினான். எனக்கு அன்றைக்குச் சோறு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த ஊரில் யாரோ எழுதிக் கொடுத்தது. ‘நீங்கள் சௌக்கியமாக இருப்பது அறிந்து சந்தோஷம். உங்களுக்குச் சௌகரியப்பட்டபோது ஊருக்கு வந்து போகவும். வீடு உங்கள் நிலைமைக்குத் தக்கதாக இல்லை, பொறுத்துக்கொள்ளவும்.’ பிள்ளை பெரிய மனிதனாகிவிட்டான், இனி அவனை ஒருமையில் பேசக்கூடாது என்று பெற்றவள் தானாக முடிவு செய்துவிட்டாள். சங்கிலி என்னை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டான். சூளைப் புழுதி ஒட்டிய முகத்தில் கண்ணீர் போன வழி மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அடுத்த கடிதத்தை அவன் சொன்னபடியே எழுதித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தான்.

“எங்காத்தா என்னைய ‘நீங்க’ன்னு கூப்புட்டுருச்சேம்மா. இனி ‘வாடா’ன்னு கூப்புட எனக்கு ஆரு இருக்கா?”

சடவு

திருநெல்வேலிக்காரி இசக்கி, டோபிகாட் ஓடையில் துணி வெளுக்கிறவள். தன் தங்கையோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. என்ன சண்டை என்று கேட்டேன், இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்றாம். ‘உம்மேல எனக்குக் கோவம் கெடயாது, சடவுதான்’ என்று எழுதச் சொன்னாள். கோபமும் சடவும் ஒன்றுதானே என்று வழக்கம்போல மூக்கை நுழைத்தேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, இதுகூடத் தெரியாதவளிடமா எழுத வந்தோம் என்கிற பார்வை பார்த்தாள்.

“கோவம்னா நாலு வசவு வஞ்சிருவேன். சடவுன்னா பேசமாட்டேன், ஆனா அவளுக்குன்னு சோறு எடுத்து வச்சிருப்பேன்.”

தவறிட்டான்

டிராம் வண்டி புதிதாக ஓட ஆரம்பித்த வருஷம். புக்கிட் தீமா கல்லுடைப்பிலிருந்து ஆறு ஆண்கள் ஒன்றாக வந்தார்கள். ஒருவருக்கும் சொந்தமாகக் கடிதம் இல்லை. ஏழாவது ஆளுக்குத்தான் எழுத வேண்டும்; அவன் வரவில்லை. பாறை சரிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. “மேலே ‘வெளியில் வைத்துப் படிக்கவும்’ என்று எழுதிவிடவா?” என்று கேட்டேன். சாவுச் செய்தியை வீட்டுக்குள் வைத்து வாசிக்கமாட்டார்கள், வாசித்ததும் கிழித்துப்போட்டுவிட்டுக் குளிப்பார்கள் என்று அதற்குள் நானும் கற்றுக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றார்கள். அதற்கப்புறம்தான் தகராறு.

‘செத்துப்போனான்’ என்று எழுதக்கூடாது என்றார் ஒருவர். ‘காலமானான்’ என்றால் வயசாளியைச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்றார் மற்றவர். ‘தவறிட்டான்’ என்று ஒருவர் சொல்ல, “அவன் என்ன தப்புப் பண்ணான்?” என்று பக்கத்திலிருந்தவர் சண்டைக்குப் போனார். ‘போய்ச் சேர்ந்தான்’, ‘கண் மூடினான்’, ‘சாமிகிட்டப் போனான்’. என் காலண்டர்த் தாளில் அரைப் பக்கம் நிரம்பியது. ஒரு மனிதன் இறந்துபோனதைச் சொல்லாமல் சொல்ல நம்முடைய பாஷையில் இத்தனை வழி இருக்கிறதா என்று, சொன்னால் வெட்கம், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுவரை வாய் திறக்காமல் சுவரில் சாய்ந்திருந்த ஒருவர், இறந்தவனோடு ஒரே பாயில் படுத்தவராம், மெதுவாகச் சொன்னார்.

“‘தூங்குறான்’னு எழுதுங்கம்மா. இங்க வந்த மூணு வருசத்துல அவன் அது ஒண்ணத்தான் செய்யல.”

மருதனின் சொல்

ராவுத்தர் சொல்லியும், சங்கிலியின் தாய் எழுதியும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதற்குச் சாட்சி மருதன்.

மன்னார்குடிப் பக்கம் அவன் ஊர். கலியாணமாகி மூன்றாம் வருஷம் பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கப்பலேறினான். அவள் பேர் பூவாயி. நாலு வருஷம் எருமையோடு எருமையாகக் கிடந்து, கொட்டகைக்குப் பின்னால் தனியாக ஒரு குச்சு போட்டுக்கொள்ள அனுமதி வாங்கினான். அவன் ஊர்க் கங்காணி ஒருவர் ஆள் சேர்க்கப் புறப்படுகிற சமயம். ‘கங்காணியோடு புறப்பட்டு வா’ என்று பூவாயிக்கு ஒரு கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அன்றைக்கு மருதன் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பூசைக்கு வருகிறவன் போல வந்திருந்தான். எல்லாம் சொல்லி முடித்தபிறகு, “கடைசீல இதப் போடுங்க” என்று ஒரு சொல் சொன்னான்.

அது சொல் மாதிரியே இல்லை. மூன்று எழுத்து, வாயில் எச்சில் ஒழுகச் சொல்கிற ஒரு சத்தம். நான் திரும்பக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பச் சொன்னான். கான்வென்டுக் காதுக்கு அது அசிங்கமாகப் பட்டது. தாளில் ஒரே ஒரு வரிதான் இடம் இருந்தது. என் எழுத்து அன்றைக்கு வெகு அழகாக விழுந்திருந்தது. அதன் கீழே போய் இந்தச் சத்தத்தை எழுதுவதா? ‘இங்ஙனம், உன் பிரியமுள்ள கணவன் மருதன்’ என்று எழுதி முடித்தேன்.

“படிச்சுக் காட்டுங்கம்மா” என்றான். படித்துக் காட்டினேன். கடைசியில், தாளில் இல்லாத அந்தச் சொல்லையும் இருப்பது போலவே வாயால் சொன்னேன். இந்த இடத்தைத்தான் என்னால் இன்றைக்கும் தாண்ட முடியவில்லை. எழுதாமல் விட்டது அகங்காரம். படித்தது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், சாமியார் பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். பூவாயியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கங்காணி பதினோரு பேரோடு திரும்பி வந்தார். தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் மருதன் புதுச் சேலை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் வரவில்லை, கடிதம் மட்டும் திரும்பி வந்தது. ஊர் வாத்தியார் கடிதத்தை வாசித்ததும் பூவாயி, “வேற ஒண்ணும் எழுதலியா?” என்று மூன்று தரம் கேட்டாளாம். இல்லை என்றதும் தாளை வாங்கிக் கங்காணியின் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்கு முன்னே இரண்டு பெண்கள், ‘உன் புருஷன் கூப்பிடுகிறான்’ என்று யாரோ எழுதிய பொய்க் கடிதத்தை நம்பிக் கப்பலேறியவர்கள். எந்தச் சீமையில் இறக்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது. தலைக்கு இத்தனை என்று வாங்கி ஆள் பிடிக்கிற கங்காணி, அவன் கையால் கொடுத்த கடிதம் என்று சத்தியம் செய்தாலும் அங்கே யாரும் நம்பமாட்டார்கள். எழுதுகிறவன் ஒருவன், வாசிக்கிறவன் ஒருவன். நடுவில் எவன் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம். ஆகவே நாகப்பட்டினத்தில் படகேறுமுன் மருதன் அவளிடம் சொல்லியிருந்தான், புறப்பட்டு வரச்சொல்லி இந்தச் சொல் இல்லாமல் கடிதம் வந்தால் அது நான் எழுதினது இல்லை என்று.

அவன் கடிதத்தைப் பலசரக்குக் கடையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு என் அடுக்களை வாசலுக்கு வந்ததுதான் முதலில் சொன்னது. “எந்த அகராதியிலும் கிடையாது” என்று நான் சொன்னதும் அவன் குரல் இறங்கிப்போயிற்று.

“அகராதில எப்படிம்மா இருக்கும்? எங்க புள்ள எருமையக் கூப்புட்ட சொல்லு அது. ஒண்ணர வயசுல போயிருச்சு. அது பேசுனதே அந்த ஒரு சொல்லுதான்.”

தாக்கல்

தென்சீமைக்காரர்கள் செய்திக்குச் சொல்லுகிற சொல். ‘ஒரு தாக்கலும் இல்லை’ என்பார்கள். வந்தால் நெஞ்சில் தாக்குவதால் அந்தப் பேரோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அன்றைக்கே கையைக் கழுவிக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதினேன். அந்தச் சொல்லை முதல் வரியிலும் போட்டேன், கடைசி வரியிலும் போட்டேன். கப்பல் தபாலில் சேர்த்தேன். இரண்டரை மாதம் கழித்து, பூவாயிக்குப் பதிலாக அந்த ஊர் வாத்தியார் எழுதினார். நல்ல மனிதர், சுருக்கமாக எழுதியிருந்தார். பூவாயி ஊரில் இல்லை. முதல் கடிதம் பொய்யென்று ஆனதும் ஊரில் பேச்சு எழும்பியிருக்கிறது: மருதன் உயிரோடிருந்தால் அவன் பேரில் இன்னொருவன் பொய்க் கடிதம் எழுதத் துணிவானா? அப்படியானால் அவன் இல்லை என்றுதானே அர்த்தம்? பதினாறு நாள் பார்த்திருந்துவிட்டு வளையலை உடைத்துவிட்டார்கள். அவள் தன் தமக்கையோடு கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய்விட்டாள். எந்தத் தோட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது.

இதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மருதனுக்கு வாசித்துக் காட்டினேன். என் ஆயுசில் நான் அப்படி வாசித்த முதல் கடிதம் அது. அவன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அப்ப நான் செத்துப்போயிட்டனாம்மா?”

மூன்று எழுத்து

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்தச் சொல்லை மட்டும் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்றான். அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கலாமே என்றேன். வேண்டாம், அது போதும் என்றான். எருமை ஓட்டுகிற கம்பால் கொட்டகைச் சேற்றில் எழுதி எழுதிப் பழகினானாம். எருமை மிதித்து அழிக்க, மறுபடி எழுத. இரண்டு மாதத்தில் கை வந்துவிட்டது. இப்போது கண்டிச் சீமையில் ஏதாவது ஒரு தோட்டத்தின் பேரைப் போட்டுப் பூவாயிக்கு நான் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரிக்கு இடம் விட்டு, பேனாவை அவனிடம் கொடுத்துவிடுவேன். என் முத்து எழுத்தின் கீழே அவன் எழுத்து, சேற்றில் நடந்த காலடி மாதிரி, பெரிதும் சிறிதுமாகக் கிடக்கும். மசி காயும்வரை ஊதிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள், “இப்போதாவது என் மேல் நம்பிக்கை வந்ததா மருதா?” என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

“மேல உள்ளது ஒங்க எழுத்து, பொய்யோ மெய்யோ எனக்குத் தெரியாது. கீழ உள்ளது எனக்குத் தெரியும்.”

கடைசியாக

பத்திரிகைக்காரர் கேட்ட சொற்களில் இந்த ஒன்றை மட்டும் தரமாட்டேன். அச்சில் ஏறிவிட்டால் எந்தப் பொய்யனும் அதை எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர். ஒருவர் இல்லை, ஒருவர் எங்கே என்று தெரியவில்லை, ஒருவர் கண்டாங் கெர்பாவில் எருமை பார்க்கிறார்.

ஆனால் இந்தப் பத்திரிகை கொழும்புக்கும் போகிறதாம், அங்கிருந்து கண்டிக்கும் போகிறதாம். அதனால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன், உண்மை அதுதான். அவள் அங்கே இருக்கிறாளா என்று நாலு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார்களுக்கும் தனியாக எழுதிக் கேட்டாயிற்று. நாலும் என் பழைய பாணியில், பிழையில்லாத, வெகு அழகான தமிழில் எழுதிய கடிதங்கள், ஒன்றுக்கும் பதிலில்லை.

கண்டிச் சீமையில் பிறருக்காகக் கடிதம் எழுதும் சகோதரிகளே, மன்னார்குடிப் பக்கத்துப் பூவாயி என்று ஒருத்தி, கையில் வளையல் இல்லாமல், தமக்கையோடு உங்கள் வாசலுக்கு வந்தால், ‘உன் பிள்ளை எருமையை என்னவென்று கூப்பிட்டது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே, ஒரு எழுத்தும் திருத்தாமல், எனக்கு எழுதி அனுப்புங்கள்.